நாற்பது நாள் குளிர்

கொலோமியா என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஐப்பசியில், என் மனைவி மணிமேகலை கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு மதியம். அவள் வேலை செய்யும் பண்ணைக்குப் புதிதாக ஒரு செடி வந்திருக்கிறது என்றாள். பிளாக்ஸ் குடும்பத்துச் செடி. பிளாக்ஸ் அவளுக்குப் பழக்கம்; நாலைந்து வருடம் பாத்தி பாத்தியாக வளர்த்து விதை எடுத்திருக்கிறாள். ஆனால் பிளாக்ஸ் தோட்டத்துப் பூ. இது அமெரிக்காவின் மேற்கே மலைச்சரிவுகளில் யாரும் விதைக்காமல் தானாக வளர்வது, இதில் பத்துப் பதினைந்து வகை உண்டு, நமக்கு வந்திருப்பது ஒரே வகை என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் இரண்டாம் ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் அவளுடைய செடிகளுக்கு நான் சொன்ன பதில்களைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் அந்த "ம்"தான் இருக்கும்.

எங்கள் வீடு ஓசூர் மூக்கண்டப்பள்ளியில். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவன். வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கிரைண்டிங் மெஷின் ஓட்டுகிறேன். மணிமேகலை இந்தப் பக்கத்துக்காரி. எங்கள் மகள் சுப்ரியா பள்ளிக்குப் போக ஆரம்பித்த வருடம், கெலமங்கலத்தைத் தாண்டி இருக்கும் பூ விதைப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தாள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகப் பூச்செடி வளர்த்து விதை எடுத்து அனுப்பும் பண்ணை அது. ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் கையால் தொட்டு வைக்கும் வேலைக்கு அங்கே கிராசிங் என்று பெயர். கிராசிங்குக்குப் போனவள் ஆறாம் வருடம் சூப்பர்வைசர் ஆனாள். பதினாறு வருடத்தில் அவள் பாத்தியிலிருந்து ஒரே நம்பர் போட்டுக் கட்டிப் போன ஒரு லாட் விதையும் திரும்பி வந்ததில்லை. இதை அவள் பெருமையாகச் சொல்லமாட்டாள். யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டாள்.

அந்தச் செடி முதலில் முளைக்கவே இல்லை. ஐப்பசியில் விதைத்தது வெறும் மண்ணாகக் கிடந்தது. பாத்தியை உழுதுவிடலாம் என்று பேச்சு வந்தது. கார்த்திகை பாதியில் பனி இறங்கியது. ஓசூரில் அது எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். காலை ஷிப்ட் பஸ்ஸின் கண்ணாடியை டிரைவர் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டுவார். அந்த வாரம் பாத்தி முழுக்க ஒரே நாளில் முளைத்தது போல வந்துவிட்டது என்றாள்.

மாசியில் பூத்தது. ஒரு நாள் ஒரு பூவின் படத்தை போனில் காட்டினாள். பழுத்த பப்பாளியில் பால் கலந்த மாதிரி ஒரு நிறம். நுனியில் கொத்தாக ஏழெட்டு. அதன் மகரந்தம் மட்டும் நீலம். அந்த மாதம் அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பள்ளிக்கூடப் பிள்ளையின் விரல் மாதிரி நீலமாக இருந்தன. சோறு போடும்போது பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டேனா என்பது நினைவில்லை.

அந்தச் செடியில் பாதிப் பூக்கள் திறக்கவே திறக்காது. மொட்டாகவே இருந்து, மொட்டுக்குள்ளேயே விதை பிடித்துவிடும். கிராசிங் பெண்களுக்குக் கை படாத மொட்டைக் கண்டால் கிள்ளி எறிவதுதான் பழக்கம். விட்டால் கலப்படம் ஆகிவிடும் என்று முதல் நாளே சொல்லித் தருவார்கள். அப்படியே இதிலும் ஒரு கூடை கிள்ளிவிட்டார்கள். மணிமேகலை அந்தக் கூடையிலிருந்து ஒரு மொட்டை எடுத்து நகத்தால் பிளந்து, உள்ளே பச்சையாக விதை இருப்பதைப் பார்த்து, "நிறுத்துங்கடி எல்லாரும்" என்று கத்தினாளாம். இதை எனக்குச் சொன்னது அவள் இல்லை, அவளோடு வேலை செய்த செல்வம்மாள். மணிமேகலை சொல்லி நான் கேட்காமல் இருந்திருக்கவும் கூடும்.

காய் பறிப்பதிலும் தொல்லை இருந்தது. வெயில் ஏறினால் காய் டக்கென்று வெடித்து விதையை வீசிவிடும். பனி காயும் முன் பறித்தாலோ ஈரம் பட்ட விதை கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பனி காய்ந்து வெயில் ஏறுவதற்குள், ஒன்பது மணியிலிருந்து பத்தரை வரை, ஒன்றரை மணி நேரம்தான் கணக்கு. அதை அவள்தான் கண்டுபிடித்தாள். பங்குனி பாதிவரை அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவளும் பத்துப் பெண்களும் குனிந்து பறித்தார்கள். அப்போதே அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. படி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். தூசி என்றாள். நானும் தூசி என்றே வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் பதினைந்து வாக்கில் விதைப் பரிசோதனை முடிவு வந்தது. நூறு விதை போட்டதில் இரண்டு முளைத்திருந்தன. பண்ணை மேனேஜர் ஹரீஷ்குமார் அறிக்கையில் "காய் முற்றாமல் அறுவடை செய்யப்பட்டது" என்று குறிப்பு எழுதினார். அன்று அவள் வீட்டுக்கு வந்து கால்கூடக் கழுவாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பச்சைக் காயப் பறிச்சேனாம். நானு."

"விடு. அவன் சின்னப் பையன், என்ன தெரியும்."

"பையன் பெரியவன்னு இல்லீங்க. எழுதிட்டான்ல."

விதை சாகவில்லை, அது குளிருக்குக் காத்திருக்கிறது என்று சொன்னாள். நிலத்தில் கார்த்திகைப் பனிக்குப் பிறகுதானே வந்தது, லேபில் அதை இருபது டிகிரியில் வைத்தால் எப்படி வரும் என்றாள். ஹரீஷிடம் கேட்டாளாம். செய்முறைத் தாளில் அப்படி இல்லை என்று சொல்லிவிட்டாராம். நாலைந்து நாள் கழித்து, எங்கள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் பச்சை மூடி போட்ட டப்பா ஒன்று வந்தது. "அதத் தொடாதீங்க, தொறக்காதீங்க. நாப்பது நாளு" என்றாள். நான் "ம்" என்றேன்.

மே பதினைந்தாம் தேதி காலை, பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. இதயத்தில் ஒரு வால்வு வெகுநாளாகச் சரியில்லாமல் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். நாற்பத்து நான்கு வயது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள் என்பதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் மே முப்பது. என் அப்பாவின் தங்கை பேச்சியம்மாள் அத்தை ஊரிலிருந்து வந்து அடுக்களையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நல்ல வெயில். நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எலுமிச்சை சர்பத் போடலாம் என்று முடிவாயிற்று. நான் வாசலில், நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவரோடு எத்தனை மணிக்கு வண்டி அனுப்புவார் என்று பேசிக்கொண்டிருந்தேன்.

"ஏ முத்து, பிரிட்ஜுல ஒரு டப்பா கெடக்கு. சப்ஜாவா இது?"

"ஆமா அத்தை" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

சுப்ரியாதான் தட்டில் டம்ளர்களை வைத்து எல்லாருக்கும் கொடுத்தாள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். ருசி ஒன்றும் தனியாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும், "சப்ஜா கொஞ்சம் நறுக்குனு இருக்குல்ல" என்றார்.

மறுவாரம் சுப்ரியா பரீட்சைக்காக பர்கூர் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அத்தை மட்டும் இருந்தார். ஜூன் ஐந்தாம் தேதி செல்வம்மாள் வந்தாள். மணிமேகலையை விட ஆறேழு வயது இளையவள், கெலமங்கலத்துக்காரி. உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள்.

"அண்ணா, அக்கா பிரிட்ஜுல ஒரு டப்பா வெச்சிருந்துச்சே. இருக்குதுங்களா?"

"என்ன டப்பாம்மா?"

"பச்சை மூடிண்ணா. கொலோமியா வெதை."

நான் பிரிட்ஜ் பக்கம் திரும்பினேன். நான் பேசும் முன் அத்தை உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

"பச்ச மூடி டப்பாவா? கழுவிக் கவுத்திட்டேனே. சப்ஜால்லா கெடந்துச்சு."

"அம்மா, அது சப்ஜா இல்லீங்க."

"ஏன் இல்ல? தண்ணி பட்டா கொழகொழன்னு கண்ணு முழிச்சாப்புல நிக்கும்லா?"

"தண்ணி பட்டா அதும் அப்பிடித்தான் ஆவும். ஆனா பூ வெதைம்மா அது."

"அட கடவுளே. நாப்பது பேரு குடிச்சாவளே. வெசமாட்டீ?"

"வெசமெல்லாம் இல்ல."

"வயித்துக்குள்ள மொளச்சிருமா?"

செல்வம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சிரிப்பு அழுகையாகிவிட்டது. அத்தை அவள் தலையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்து, "நீதானல சப்ஜான்னு சொன்ன" என்றார்.

நான்தான் சொன்னேன்.

செல்வம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். பத்தாம் தேதி அந்த லாட் விதை முழுவதையும் அழித்துவிடப் போகிறார்கள். காய் முற்றாமல் பறித்ததால் செத்த விதை என்று வெளிநாட்டுக்குக் கடைசி அறிக்கை போகிறது. அறிக்கையில் சூப்பர்வைசர் பெயர் மணிமேகலை. குளிரில் வைத்தால் முளைக்கும் என்று காட்டத்தான் அக்கா விதையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. நாற்பது நாள் ஆனதும் ஹரீஷ் சாரிடம் டப்பாவோடு போய்க் காட்டுவதாக இருந்தது.

சொல்லிவிட்டு, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க. மொளச்சிருந்துச்சா அது?"

"மொளையா..." அத்தை கண்ணை மூடி யோசித்தார். "வால் இருந்துச்சு தாயி. வெள்ளையா, எறும்புத் தடிமன்ல வாலு. பழைய சப்ஜா போல, மொள விட்ருச்சு, வீணாக்குவானேன்னுதான் நல்லா அலசிப் போட்டேன்."

"எத்தினி வெதைல இருந்துச்சு?"

"எண்ணிக்கிட்டாட்டீ சர்பத்துப் போடுவாவ?"

நான் நாளைக்கே ஹரீஷைப் பார்க்கிறேன் என்றேன். செல்வம்மாளின் முகம் மாறியது.

"வேணாண்ணா. வெதைய எப்பிடி வெளிய கொண்டாந்தாங்கன்னு கேப்பாங்கல்ல."

பண்ணையிலிருந்து ஒரு விதை வெளியே போகக்கூடாது. சேரும்போதே கையெழுத்து வாங்குவார்கள். மாலையில் பெண்கள் வரிசையாக நின்று பை, டிபன், முடிச்சு, எல்லாம் காட்டிவிட்டுத்தான் கேட்டைத் தாண்ட வேண்டும். கொண்டைக்குள் விதை வைத்துக்கொண்டு போன ஒருத்தியைப் போலீஸ் வரைக்கும் கொண்டுபோனார்கள் என்று மணிமேகலை எனக்கே சொல்லியிருக்கிறாள்.

"எப்படித்தான் கொண்டுவந்தா?"

"தண்ணி பாட்டில்லண்ணா. ரெண்டு ஸ்பூனு போட்டு ஆட்டிக்கிச்சு. கேட்ல முனிவேலு மூடியத் தொறந்து பாத்தான். சப்ஜான்னு நெனச்சு 'இன்னாக்கா, ஒடம்பு சூடா'ன்னான். 'ஆமாண்டா, ஒன்னப் பாத்தாலே சூடு'ன்னுச்சு அக்கா. பின்னாடி நின்ன நான் டிபன் டப்பாவ ரெண்டு வாட்டி தொறந்து தொறந்து மூடறேன், அது சிரிக்குது."

செல்வம்மாள் போன பிறகு நான் மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்தேன். போகாவிட்டால், பதினாறு வருடம் செய்த வேலையை அவள் கடைசியில் அலட்சியமாகச் செய்தாள் என்று ஒரு தாளில் நிற்கும். போனால், அவள் திருடினாள் என்று இன்னொரு தாளில் நிற்கும். டப்பா இருந்திருந்தாலும் இதே கேள்விதான். ஆனால் அப்போது பதில் சொல்ல அவள் இருந்திருப்பாள், அல்லது முளைத்த விதைகள் இருந்திருக்கும். இப்போது இருப்பது அத்தையின் ஞாபகம் மட்டும். முளைத்த விதையில் இரண்டு டம்ளரை நானே குடித்து முடித்திருக்கிறேன்.

இரண்டு நாள் ஷிப்டுக்குப் போய்வந்தேன். மெஷின் ஓடும்போது நன்றாக யோசிக்கலாம் என்பார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஏழாம் தேதி வார விடுமுறை. காலையில் அத்தை சேலை மாற்றிக்கொண்டு தயாராக நின்றார்.

"பாத்தது நான். நீ போயி என்னத்தச் சொல்லுவ? வா."

கெலமங்கலம் பஸ்ஸில் அத்தைக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. செல்வம்மாள் பெயரை எடுக்கவே கூடாது என்று மூன்று முறை சொல்லி வைத்தேன். "எனக்கு எல்லாந் தெரியும்ல" என்றார். பண்ணை கேட்டில் முனிவேல் எழுந்து நின்று கும்பிட்டான். உள்ளே போகும் முன் செருப்புக் காலை ஊதா நிற மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் நனைக்க வேண்டும். அத்தை அதைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தார். முனிவேல் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். தூரத்துப் பாத்தியில் செல்வம்மாள் குனிந்திருந்தாள். நிமிரவில்லை.

ஹரீஷ்குமார் கோலார் பக்கத்துக் கன்னடக்காரர். முப்பது வயதுக்குள் இருக்கும். சாவுக்கு வந்து மாலை போட்டுவிட்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் அரை மணி நேரம் தெருவில் நின்றவர். எங்களைப் பார்த்ததும் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"ஏனு சார், சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

நான் சொல்ல ஆரம்பித்தேன். குளிர், நாற்பது நாள், டப்பா. டப்பா என்றதும் அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"சார், நீங்க சொன்னது எனக்குக் கேக்கல. சரியா? நான் கேக்கல."

"கேளுங்க தம்பி" என்றார் அத்தை. "வாலு இருந்துச்சு. வெள்ளை வாலு. நான் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"எத்தனை அம்மா? நூத்துக்கு எத்தனை?"

"நீங்களும் அதையே கேக்கியளே. நிறைய இருந்துச்சு. கரண்டில அள்ளும்போது வாலும் வாலுமா சிக்கிக்கிட்டு வந்துச்சு."

"அந்த விதை இப்போ எங்கே?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். ஹரீஷ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா என்று முதலில் தெரியவில்லை. கையை எடுத்தபோது சிரிக்கவில்லை.

"குளிர்ல வெச்சு இன்னொரு டெஸ்ட் பண்ணுங்க" என்றேன். "உங்களுக்கே தோணிச்சுன்னு எழுதிக்குங்க. எங்க பேச்சே வேண்டாம்."

"சார், மேடம் ஏப்ரல்ல கேட்டாங்கல்ல, அன்னிக்கே நான் மேலே மெயில் போட்டேன். இங்க பாருங்க." கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். இங்கிலீஷில் ஆறேழு வரி. நடுவில் ஓரிடத்தில் மணிமேகலையின் பெயர் இருந்தது. "வேண்டாம், செய்முறையை மாத்தாதேன்னு பதில் வந்துடுச்சு. இப்போ மறுபடி கேக்கணும்னா புதுசா ஒரு காரணம் காட்டணும். யாரோ முளைச்சதைக் கண்ணால பார்த்திருக்கணும். எங்க பார்த்தாங்கன்னு எழுதணும்."

அவர் கேட்டிருக்கிறார். மணிமேகலைக்கு அது தெரியாது. கேட்டதையும் மறுத்துவிட்டதையும் சேர்த்துச் சொல்லக் கூச்சப்பட்டு, தாளில் இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

"எழுதினா என்ன ஆகும்?"

"விதை வெளியே போயிருக்குன்னு ஆகும். கேட்ல செக்கிங் சரியில்லைன்னு எனக்கு மெமோ வரும், அது இருக்கட்டும். மேடம் பேர்ல ரூல் மீறினதா பதிவாகும். பதினஞ்சு வருஷம் முடிச்சவங்களுக்கு இந்த ஆகஸ்ட் பதினஞ்சுக்கு முதல் தடவையா ஷீல்டு குடுக்கிறோம். மேடத்தோட ஷீல்டை உங்க மகள் கையில குடுக்கிறதா லிஸ்ட் போட்டாச்சு. அது நின்னுடும்." கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இப்படியே விட்டா, அறிக்கையில ஒரு வரி. யார் படிக்கப் போறாங்க சார்?" என்றார்.

"செத்து மாசங்கூட ஆகல" என்றார் அத்தை. "திருடின்னு எழுதுவாவளாம். வா முத்து, போவோம். வெதையாவது ஒண்ணாவது."

அவர் எழுந்துவிட்டார். நான் எழவில்லை. ஏப்ரலில் கால்கூடக் கழுவாமல் கட்டிலில் உட்கார்ந்தவளை நினைத்துக்கொண்டேன். பாட்டிலை ஆட்டிக்கொண்டு கேட்டில் சிரித்தவளையும் நினைத்துக்கொண்டேன். இரண்டில் எது அவளுக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும் என்று அப்போது தோன்றியது. இப்போது கேட்டால் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். அன்று அந்த அறையில் தோன்றியது, அவ்வளவுதான்.

"எடுத்துட்டுப் போனான்னு எழுதிக்குங்க சார். பச்சைக் காயைப் பறிச்சான்னு எழுதாதீங்க."

ஹரீஷ் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு ஒரு தாளை எடுத்தார். விதை எப்படி வெளியே போனது என்று கேட்டார். தண்ணீர் பாட்டிலில் என்றேன். யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். அத்தை முந்திக்கொண்டு, "யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது, நான் ஊர்ல கெடந்தேன்" என்றார். அவர் எழுதினார். கணவர் என்று போட்ட இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். சாட்சி என்ற இடத்தில் அத்தை பேச்சியம்மாள் என்று தெளிவாக எழுதினார், எழுதி முடித்து, "வெள்ளை வாலுன்னு எழுதிருக்கியளா?" என்று கேட்டு, எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார்.

திரும்பும்போது அத்தை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "நீ ஒருவாட்டி ஆமான்னு சொல்லி வெதையப் போக்குன. இன்னொருவாட்டி ஆமான்னு சொல்லி அவ பேரப் போக்கிட்டு வார" என்றார். மறுநாள் ஊருக்குக் கிளம்பிவிட்டார். கிளம்பும்போது பிரிட்ஜைத் துடைத்து, தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார்.

சுப்ரியாவிடம் போனில் சொன்னேன். பரீட்சை முடியட்டும் என்று பத்து நாள் பொறுத்துச் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள்.

"அம்மா திருடினாங்கன்னு நீங்களே கையெழுத்துப் போட்டீங்களா?"

"ரூல் மீறினான்னுதாம்மா இருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான். நான்தான் எல்லாருக்கும் டம்ளர் எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன், அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம். லீவுக்கு வந்தபோது சமைத்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அம்மாவின் சேலைகளை மடித்து ஒரு பெட்டியில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு சேலையை மட்டும் எடுத்துப்போயிருக்கிறாள் என்று பிறகு பார்த்தேன்.

லாட்டை அழிப்பதை நிறுத்தி வைத்தார்கள். மறு பரிசோதனைக்கு மேலிடத்தில் அனுமதி கிடைத்தது. மகரந்தம் வைக்கும் பிரிட்ஜில் ஈரத்துணியில் நாற்பது நாள், பிறகு வெளியே பதினான்கு நாள். ஹரீஷ் அவ்வப்போது போன் செய்து, "இன்னும் இல்ல சார்" என்று மட்டும் சொல்லுவார். நான் கேட்காமலேயே சொல்லுவார். அவருக்கு மெமோ வந்துவிட்டது என்று செல்வம்மாள் சொன்னாள். ஷீல்டு லிஸ்ட் புதிதாக ஒட்டினார்களாம், பெயர் இல்லையாம். "அக்கா எதுக்கு எடுத்துச்சுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்ணா" என்றாள். அது தெரியாதவர்களும் அங்கே இருப்பார்கள். வெளியே விற்றிருப்பாள் என்று யாரோ பேசியதாக அவளே இன்னொரு நாள் சொன்னாள்.

ஆகஸ்ட் ஏழாம் தேதி ஹரீஷ் வரச் சொன்னார். லேபில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், ஈரத் தாளில் பத்துப் பத்தாகப் பத்து வரிசை. முளைத்தவற்றில் இரண்டு இரண்டு ஒல்லி இலைகள். முளைக்காத இடங்களில் கொழகொழப்பான ஒரு புள்ளி. நான் குனிந்து எண்ண ஆரம்பித்தேன். நாலாம் வரிசையில் கண் கலங்கி எண்ணிக்கை தவறிவிட்டது.

"அறுபத்தெட்டு சார்" என்றார் ஹரீஷ். "இன்னும் ரெண்டு மூணு வரலாம். இந்தச் செடிக்கு இது ரொம்ப நல்ல நம்பர்." அறிக்கையின் புது நகலைக் காட்டினார். காய் முற்றாமல் என்ற வரி இல்லை. முற்றிய விதை, குளிர் தேவை, நாற்பது நாள் என்று இருந்தது. சூப்பர்வைசர் பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடு. விசாரணை நடக்கும் ஊழியரின் பெயரை அறிக்கையில் போடக்கூடாதாம். "நான் கேட்டுப் பார்த்தேன் சார்" என்றார். அதை நம்பினேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது சுப்ரியாவைக் கூப்பிட்டேன். எடுக்கமாட்டாள் என்று நினைத்தேன். எடுத்தாள்.

"ரிசல்ட் வந்துடுச்சும்மா."

அந்தப் பக்கம் காரிடாரில் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது.

"எத்தனை?"

"அறுபத்தெட்டு."

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான்."

"அம்மா பேரு இருக்கா?"

"இல்லம்மா. லாட் நம்பர் மட்டும்தான்."

நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். ராயக்கோட்டை பஸ் ஒன்று வந்து ஆள் இறக்கிவிட்டுப் போயிற்று.

"அந்த நம்பரைச் சொல்லுங்க" என்றாள்.

கையில் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். மெதுவாகச் சொல்லச் சொன்னாள். எழுதிக்கொள்கிறாள் போலிருந்தது. முடிந்ததும், "எனக்கு லேப் இருக்குப்பா" என்று வைத்துவிட்டாள். எனக்கும் இரண்டாம் ஷிப்ட் இருந்தது. அடுத்து வந்த ஓசூர் பஸ்ஸில் இடமில்லை. நின்றுகொண்டே போனேன்.